ஊர் என்பது யார்? சமுதாய உளவியல் மேற்படிப்பும் அம்பாறைக் கரையோரமும்

வரிப்பத்தான்சேனை, அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள முஸ்லிம் ஊர். இங்கிருந்து கிழக்கே, கடலோரத்தில், 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. கலைமாணிப் பட்டம் பெற்ற இப்பகுதிப் பிள்ளை ஒருவர் உளவியலில் மேற்படிப்புக்குப் போக விரும்பினால், அவருக்கு முன்னால் பழைய கேள்வி ஒன்று நிற்கும். ஒரு மனிதர் மனம் நொந்தால் மருத்துவர் பார்ப்பார். ஊரே நொந்துபோனால் அதை எந்தப் படிப்பு அறியும்? அதைப் படித்தவர் திரும்பி வந்து ஊருக்குள் என்ன வேலை செய்வார்?

இக்கேள்விக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. சில அமெரிக்காவில் பிறந்தவை, சில லத்தீன் அமெரிக்காவில், சில யாழ்ப்பாணத்தில். 2004 சுனாமிக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் கல்முனைக் கரைக்கும் வந்து சேர்ந்தன. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன, மேற்படிப்பைத் தேடும் மாணவருக்கு அவற்றில் எது உதவும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

தமிழில் 'சமூக உளவியல்' என்பது, மற்றவர்களோடு இருக்கும்போது தனிமனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராயும் துறைக்கு வழங்கும் பெயர். இங்கே பேசப்படுவது அதனின்று வேறுபட்ட சமுதாய உளவியல். மக்கள் கூட்டாக வாழும் இடம், அங்குள்ள நிறுவனங்கள், அதிகாரம், பழக்கங்கள் ஆகியவை மனநலத்தை எப்படி ஆக்குகின்றன, எப்படிக் கெடுக்கின்றன, அவற்றை எப்படி மாற்றலாம் என்று கேட்பது இத்துறை. பாடநூல்களிலும் பாடத்திட்டங்களிலும் இரண்டு பெயர்களும் எளிதில் கலந்துவிடக்கூடும்.

பெயரை விடப் பெரிய சிக்கல், 'சமுதாயம்' எது என்பதுதான். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சில் 'நம்மட சமூகம்' என்றால் பெரும்பாலும் முஸ்லிம் சமூகம் முழுவதும். 'ஊர்' என்றால் பள்ளிவாசலையும் சந்தையையும் மையவாடியையும் பகிர்ந்துகொள்ளும் மக்கள். 'ஜமாஅத்' என்றால் ஒரு பள்ளியில் தொழுபவர்கள். சில இடங்களில் ஒரு மார்க்க இயக்கத்தையும் அது குறிக்கும். 'குடி' என்பது தாய்வழியில் வரும் குலம். அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தக் குடி முறை அங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதை 2008இல் வெளிவந்த தம் பெருநூலில் விரிவாகக் காட்டினார். ஆகவே ஒரே பெண் ஒரு குடியைச் சேர்ந்தவர், ஓர் ஊரவர், ஒரு ஜமாஅத்தின் உறுப்பினர், ஒரு சமூகத்தின் அங்கம். அவருடைய துயரத்தை எந்த வட்டத்துக்குள் வைத்துப் படிப்பது? துறையின் மேலைப் பாடநூல்கள் இதற்கு விடை தருவதில்லை. அவற்றில் சமுதாயம் பெரும்பாலும் ஓர் அயலாகவோ நகரத்தின் ஒரு பகுதியாகவோ வரையறுக்கப்பட்டு வந்துவிடுகிறது.

சிகிச்சை அறையின் விடை

முதல் விடை, துயரம் தனிமனித மூளையிலும் நினைவிலும் தங்கியிருக்கிறது என்பது. ஊர் என்பது அத்தகைய மனிதர்களின் கூட்டுத்தொகை. பெருந்துயரைக் கண்டவர்களுக்குப் பின்னர் வரும் மனவடு நோயை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் போர், பேரிடர் நிகழ்ந்த இடங்களுக்கெல்லாம் இந்த அளவுகோல் பயணப்பட்டது.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 உயிர்கள் போயின. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுதும் சிதைந்தது. உள்ளே இருப்பதால் வரிப்பத்தான்சேனையைக் கடல் தொடவில்லை. ஆனால் கொண்டு கொடுத்த உறவுகள் கரையில் இருந்தன. சில வாரங்களில் நாட்டுக்குள் பல நாட்டு உளவளக் குழுக்கள் வந்தன. ஜெர்மன் ஆய்வாளர் ஃபிராங்க் நொய்னரும் உடனிருந்தோரும் இலங்கையின் மூன்று கரையோர இடங்களில் மூன்று, நான்கு வாரங்களில் சிறுவர்களைச் சோதித்து, 14 முதல் 39 சதவீதம் வரையானோரிடம் மனவடு அறிகுறிகள் இருப்பதாக 2006இல் எழுதினர். அக்குழுவின் கதைவழிச் சிகிச்சை பலருக்குப் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அதே ஆண்டுகளில் பரவலாக நடந்த ஒருமுறைக் கூட்டப் பேச்சு வேறு கதை. துயரம் நடந்தவுடன் ஆட்களை அமர்த்தி அதை விவரிக்கச் சொல்லும் அம்முறை பின்னாளைய மனவடுவைத் தடுப்பதாகச் சான்றில்லை என்று, சுனாமிக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2002இல் வெளிவந்த முறைசார் ஆய்வுத் திரட்டு காட்டியிருந்தது.

இந்த விடையின் வலுவின்மையை உள்ளூரிலிருந்து மிகத் துல்லியமாகச் சுட்டியவர் காயத்திரி பெர்னாண்டோ. இலங்கையர் தம் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே சேகரித்து, அதிலிருந்து 2008இல் ஓர் அளவுகோலை அமைத்தார். குடும்பத்திலும் அயலிலும் தன் பங்கைச் செய்ய முடியாமல் போவதும், உறவுகள் அறுவதும் அந்த வாய்மொழிகளில் முன்னே நின்றன. நம் பேச்சிலும் அதைக் கேட்கலாம். 'ஒரே யோசினை', 'பெருமூச்சு', 'நெஞ்சுக்குள்ள எரியுது', 'கல்பு அடங்குதில்ல' என்பவை இறக்குமதி செய்யப்பட்ட எந்த வினாத்தாளிலும் இல்லை. இவற்றைக் காதால் கேட்டுப் பொருள் புரிந்துகொள்ளும் பயிற்சி, மேற்படிப்பின் ஓரத்தில் வைக்கத்தக்க சிறு விஷயம் எனத் தோன்றவில்லை.

ஸ்வாம்ஸ்கொட் கூட்டம்

1965 மே மாதத்தில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்வாம்ஸ்கொட்டில் கூடிய உளவியலாளர்களே சமுதாய உளவியல் என்ற பெயருக்குப் பிறப்பு கொடுத்தவர்கள். நோய் வந்த பின் ஆற்றுவதைவிட வருமுன் தடுப்பது, மனிதரை அவருடைய சூழலோடு சேர்த்துப் பார்ப்பது, மக்களைப் பங்காளிகளாக்குவது ஆகியவை அவர்களுடைய வழிகாட்டும் எண்ணங்கள். 1974இல் சீமோர் சரசன், ஒரு கூட்டத்தில் தானும் உள்ளவன் என்ற உணர்வைத் துறையின் மையத்தில் வைத்தார். 1981இல் ஜூலியன் ராப்பபோர்ட், தடுப்பையும் கடந்து அதிகாரமூட்டல் வேண்டும் என்றார். இதற்கெல்லாம் முன்னோடியாக, வேலையிழந்த ஓர் ஆஸ்திரியத் தொழிற்சாலை ஊரை முழுதாக ஆராய்ந்து மரீ யஹோடாவும் தோழர்களும் 1933இல் வெளியிட்ட மரியன்தால் ஆய்வைச் சொல்லலாம். வேலை போனதும் மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அவ்வூர் மெல்லச் சோர்ந்து ஒடுங்கியதை அது பதிவுசெய்தது.

தடுப்பு என்ற எண்ணத்துக்கு இலங்கையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1995 அளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அவர்களில் பலர் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பூச்சிமருந்தைக் குடித்தவர்கள். மிகக் கொடிய நச்சு மருந்துகள் 1995இலும் எண்டோசல்ஃபான் 1998இலும் தடைசெய்யப்பட்டபின், 2005க்குள் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்த மனமும் தனித்தனியே மாற்றப்படாமலே ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. வேளாண்மை செய்யும் இறக்காமம் போன்ற பகுதிகளில் படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறப்பு குறைந்ததே தவிர, மருந்துப் போத்தலைத் தேடவைத்த கடனும் வீட்டுச் சண்டையும் அவமானமும் அதனால் குறைந்ததாகச் சொல்ல முடியாது.

இந்த விடையின் மற்றொரு வலுவின்மை, கூட்டத்தில் உள்ள உணர்வை எப்போதும் நன்மையாகவே கொள்வது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு தருகிறார்கள் என்ற வதந்தி எழுந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் தெரிவித்தது. அந்த இரவு கூடியவர்களிடம் 'நாம் ஒன்று' என்ற உணர்வு குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. கூட்டுணர்வு யாரை வெளியே நிறுத்தி உருவாகிறது என்ற கேள்வியை ஸ்வாம்ஸ்கொட் மரபு பிந்தித்தான் கேட்கத் தொடங்கியது.

விடுதலை பேசும் மரபு

எல் சால்வடோரில் இயேசு சபைத் துறவியும் உளவியலாளருமான இக்னாசியோ மார்ட்டீன்-பாரோ அந்தக் கேள்வியை நேராகவே கேட்டார். ஒடுக்கப்பட்டவரின் கண்ணிலிருந்து உளவியலைத் திரும்ப எழுத வேண்டும் என்பது அவர் நிலை. 1989 நவம்பர் 16இல் அவரைப் படையினர் சுட்டுக்கொன்றனர். பாவ்லோ ஃபிரையரேயின் கல்விச் சிந்தனையோடு கலந்து வளர்ந்த இம்மரபு, ஆய்வு மக்களோடு சேர்ந்து செய்யப்பட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறது. இதன் அறத்துணிவு பெரிது. ஆனால் ஒடுக்குபவர் ஒருபுறம், ஒடுக்கப்பட்டவர் மறுபுறம் என்று கோடு தெளிவாக இருக்கும் இடத்துக்கே இது இயல்பாகப் பொருந்துகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வயலையும் நீரையும் எல்லையையும் பகிர்ந்து வாழும் அம்பாறையில், ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு ஆண்டுகளில் தாக்கப்பட்டது. ஒவ்வொரு தரப்பின் பெயராலும் மற்றவர் தாக்கப்பட்டனர். இங்கே யாருடைய விடுதலை என்று கேட்டால் ஒரே விடை வராது.

கூட்டு வடு

யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமிழ்ச் சூழலில் நின்று மிகத் தீவிரமாகச் சிந்தித்தவர். 1998இல் தனிமனித வடுக்களைப் பற்றி நூல் எழுதிய அவர், 2007இல் வெளியிட்ட ஆய்வில் அடுத்த படிக்குப் போனார். நீண்ட போரில் குடும்பமும் அயலும் சேர்ந்தே காயப்படுகின்றன. நம்பிக்கையின்மை, மௌனம், பிறரைச் சார்ந்திருத்தல், ஒழுக்கச் சரிவு என்று ஒரு சமுதாயமே நோயுற்றதுபோல் நடந்துகொள்கிறது. ஆகவே ஆற்றுதலும் சமுதாய அளவில் நிகழ வேண்டும் என்பது அவர் வாதம். 1972இல் அமெரிக்க மலைக்கிராமங்களை அணைநீர் அழித்ததை ஆராய்ந்த கை எரிக்சன், 1976லேயே உறவுப் பின்னலின் கிழிசலைத் தனியொரு காயமாகக் கருதினார். சோமசுந்தரம் அதைப் போருக்கும் தமிழ்க் குடும்ப அமைப்புக்கும் ஏற்ப விரித்தார் எனலாம்.

இது அம்பாறைக் கரைக்கு மிக அருகே வரும் விடை. எனினும் அது வடக்கின் தமிழ் ஊர்களிலிருந்து உருவானது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களுக்குத் தனி நினைவுகள் உண்டு: 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த கொலைகள், அதே ஆண்டில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது, 2019 ஈஸ்டர் தாக்குதல்களை அடுத்து ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்து ஆறு குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தது, அதன்பின் எல்லா முஸ்லிம்கள் மீதும் விழுந்த சந்தேகம். கடைசியாகச் சொன்னது வெளியிலிருந்து வந்த அடி மட்டும் கிடையாது. 'நம்மிலிருந்து இப்படி எப்படி?' என்ற கேள்வியும் அதோடு வந்தது. கூட்டு வடு என்ற கருத்தாக்கத்தில் இந்த இரட்டை நிலைக்கு இன்னும் இடம் சரியாக அமையவில்லை.

இன்னொரு நிகழ்வு இத்துறையின் அடிப்படையையே தொடுகிறது. 2020 ஏப்ரல் வர்த்தமானியின்படி கொவிட் தொற்றால் இறந்தவர்கள் எல்லோரும் எரிக்கப்பட்டனர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, மார்ச் முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்குவது இஸ்லாத்தில் பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள். அப்படியானால் ஒரு ஜனாஸா எரிக்கப்பட்டபோது துயரப்பட்டவர் யார்? மகனும் மகளும் மட்டுமா? கடமையைச் செய்ய முடியாமற்போன ஊர் முழுவதுமா? தனித்தனி ஆட்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கூட்டிப் பார்த்தால் இந்தப் பாரம் அதில் சிக்காது. கூட்டுப் பொறுப்பை இவ்வளவு தெளிவாக வரையறுக்கும் ஒரு கருத்து ஊர் மௌலவியின் பாடத்திலேயே இருக்கிறது. சமுதாய உளவியல் இதைக் கோட்பாடாகவே எடுத்து ஆராயலாம். இத்துறைக்கு இப்பகுதி தரக்கூடிய பங்களிப்பு இங்குதான் தொடங்கும் என்பது என் எண்ணம்.

ஓதிப் பார்த்தலும் பரிசாரியும்

ஊரில் ஏற்கெனவே உள்ள ஆற்றும் முறைகளை நம்பலாம் என்பது மற்றொரு விடை. கணநாத் ஒபேசேகர 1985இல், மேற்கு மனச்சோர்வு என்று பெயரிடும் உணர்வுகளை ஒரு பௌத்தர் வாழ்வின் நிலையாமை பற்றிய சிந்தனையாக மாற்றிக்கொள்ள முடிகிறது என்று வாதிட்டார். பட்ரீசியா லோரன்ஸ், மட்டக்களப்பில் காணாமற்போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு ஆறுதல் பெற்றதை எழுதினார். முஸ்லிம் ஊர்களில் தண்ணீர் ஓதிக் கொடுப்பது, நூல் கட்டுவது, பரிசாரியிடம் போவது, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்குக் கூடுவது ஆகியவை இதே வரிசையில் வரும். இவற்றில் எவை மார்க்கத்துக்கு ஏற்றவை என்பதில் ஊருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இவ்விடை எல்லாவற்றையும் இனிமையாகப் பார்க்கும் ஆபத்து உடையது. 2001 ஆகஸ்ட் 6இல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்து சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் கருகினர். மரபு ஆற்றும் என்று விட்டுவிடுவதன் விலை அது. வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு 'பொறுத்துப் போ' என்று ஊர்ப் பெரியவர்கள் தரும் ஆலோசனையும் மரபுதான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காழி நீதிமன்றங்கள் பற்றிப் பெண்கள் எழுப்பும் கேள்விகளைக் கேளாமல், ஊரின் மனநலம் பற்றி யாரும் நேர்மையாக ஆய்வு செய்ய முடியாது.

அன்றாடச் சுமை

2010இல் கென்னத் மில்லரும் அண்ட்ரூ ராஸ்முசனும் போருக்குப் பிந்தைய மனத்துயரின் பெரும்பகுதி போர் நினைவிலிருந்து நேராக வருவதில்லை, வீடின்மை, வறுமை, குடும்ப முறிவு போன்ற அன்றாட அழுத்தங்கள் வழியே வருகிறது என்றனர். அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகள் இதற்கு நம் மாவட்டத்தின் சாட்சி. யாருக்குக் கொடுப்பது என்ற இனவிகிதாசார வழக்கில் சிக்கி, கடல் வீட்டைக் கொண்டுபோனவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, அவை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கொடுக்கப்பட்ட இடங்களிலும் மற்றொரு காயம் நேர்ந்தது. இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது; மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். உதவி நிறுவனங்கள் பல இடங்களில் புது வீட்டின் உறுதியைக் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் எழுதின. பெண்ணுக்கு மரபாக இருந்த பிடிமானம் நல்லெண்ணத்தாலேயே தளர்ந்தது. இந்த விடை வலுவானது. ஆனால் எல்லாத் துயரத்தையும் வீடும் வேலையும் தீர்க்கும் என்று அதை நீட்டினால், எரிக்கப்பட்ட ஜனாஸாவின் பாரத்துக்கு அதனிடம் பதில் இல்லை.

மேற்படிப்பு எதைக் கற்பிக்க வேண்டும்

இன்றைய நிலையில் இப்பகுதி மாணவருக்குத் தெரியும் வழிகள் சில. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.ஃபில். சிகிச்சைத் தொழிலுக்கு இட்டுச்செல்வது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப் பணியில் முதுகலை வரை பயிற்றுவிக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சமுதாய உளவியலைத் தனிப்பட்டமாகவே தருகின்றன. முதலாவது ஆளைப் பார்க்கக் கற்பிக்கும், இரண்டாவது சேவையை ஒழுங்குசெய்யக் கற்பிக்கும், மூன்றாவது கோட்பாட்டைத் தரும். வகுப்பறைக்கு வெளியே வளர்ந்த அறிவும் உண்டு. மட்டக்களப்பில் உளவள அமைப்புகளை ஒன்றிணைத்து உழைத்த ஆனந்த கலப்பத்திக்கு 2008இல் மக்சேசே விருது கிடைத்தது. 2007இல் பல சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நெருக்கடிகால உளநல வழிகாட்டியும், முதலில் பாதுகாப்பையும் சமுதாய ஆதரவையும் உறுதிசெய்து, பின்னரே சிறப்புச் சிகிச்சைக்குப் போகும் படிவரிசையை வகுத்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு தீர்ப்பு சொல்லலாம் எனத் தோன்றுகிறது. எந்த ஒரு விடையும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஓரளவு வரைதான் வருகிறது. அந்த எல்லையை அறியும் திறமையே இத்துறையின் மேற்படிப்பு தரவேண்டிய முதற்பயிற்சி. அதற்கு வினாத்தாளை மொழிபெயர்ப்பதற்கு முன் மாணவர் ஓர் ஊரில் தங்கி, அங்குள்ள சொற்களைச் சேகரிக்க வேண்டும். தம் ஊரில் ஒரு பருவமும், அடுத்த சமூகத்தின் ஊரில் ஒரு பருவமும் தங்குவது இன்னும் நல்லது. வரிப்பத்தான்சேனைப் பிள்ளை காரைதீவில் கேட்க வேண்டும். காரைதீவுப் பிள்ளை இறக்காமத்தில் கேட்க வேண்டும். இரண்டு ஊருக்கும் மொழி ஒன்றே. இந்த வாய்ப்பை இதுவரை யாரும் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

தீராமல் நிற்கும் கேள்விகளும் உண்டு. தன் ஊரையே ஆராயும் மாணவர், காழி வீட்டுக் கதையையோ 2019க்குப் பின் நடந்த தேடுதல்களையோ எழுதினால் அவருக்கும் சொன்னவருக்கும் யார் பாதுகாப்பு? ஊரின் பெயரால் அனுமதி தருவது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையா? அப்படியானால் அச்சபையில் இடமில்லாத பெண்களின் சம்மதம் எங்கே? பலமுறை வினவப்பட்டுச் சலித்துப்போன சுனாமி ஊர்களில் இன்னோர் ஆய்வை எந்த நியாயத்தோடு தொடங்குவது? இவற்றுக்கு வெளிநாட்டுப் பாடநூல் விடை தராது. இங்கே படித்து, இங்கே எழுதி, இங்கே விவாதித்துத்தான் அவை தெளிய வேண்டும்.

ஒலுவில் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தமிழில் நடக்கும், களத்தை முதலாண்டிலேயே வைக்கும் ஒரு சமுதாய உளவியல் முதுகலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். அதில் முதல் அணி மாணவர்கள் இரு சமூகங்களிலிருந்தும் சம எண்ணிக்கையில் வரட்டும்.